அழாத பிள்ளைக்கும் வலிக்கும்

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் குழந்தைக்கு வலி மருந்து அவசியமா, அல்லது கொஞ்சம் பொறுத்துக் கொள்ளட்டும் என்று விடலாமா? இதுதான் நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. "சின்னப் பிள்ளைதானே, இரண்டு நாளில் மறந்துவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இதை நாம் மட்டும் சொல்லவில்லை. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பியது.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து பலர் முன்னிலையில் பயன்படுத்தப்பட்டது. பெரியவர்களுக்குக் கிடைத்த அந்த நிம்மதி பச்சிளங் குழந்தைகளுக்கு முழுமையாகக் கிடைக்க மேலும் 140 ஆண்டுகள் ஆயின. நரம்பு மண்டலம் முதிராத குழந்தை வலியை உணராது என்ற எண்ணம் ஒரு காரணம். பலமான மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் மற்றொரு காரணம். அதனால் 1980-களில்கூட, குறைமாதக் குழந்தைகள் பலருக்குத் தசைகளை அசையவிடாத மருந்தும் லேசான மயக்க வாயுவும் கொடுத்தே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். குழந்தை அசையாது, அழாது. ஆனால் வலி?

இதை ஆராய்ந்தவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் கன்வால்ஜீத் சிங் ஆனந்த். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர். இதய அறுவைக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளில் 8 பேருக்கு மட்டும் ஃபெண்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மற்ற 8 பேரின் இரத்தத்தில் அதிர்ச்சியைக் காட்டும் சுரப்புகள் அதிகமாகக் கூடின. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-இல் இந்த ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது.

அதே காலத்தில், 1985-இல் தன் குறைமாத மகனுக்கு வலி மருந்தே இல்லாமல் அறுவை நடந்ததை அறிந்த ஜில் லோசன் என்ற அமெரிக்கத் தாய், அதைப் பகிரங்கப்படுத்தினார். ஆய்வும் தாயின் குரலும் சேர்ந்தே பழைய வழக்கத்தை அசைத்தன.

மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாசம், உடல் வெப்பம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகத் தன் மருத்துவமனைகளில் சேர்த்தது. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகளும் அந்த அமைச்சைச் சேர்ந்தவையே. பேசத் தெரியாத குழந்தையின் முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, 10 புள்ளிகளுக்கு வலி அளக்கப்படுகிறது. சற்று வளர்ந்த பிள்ளை, முகப் படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டும்.

மருந்து வேண்டும் என்பதற்காக எந்த மருந்தும் சரியென்று ஆகிவிடாது. தொண்டைச் சதை அகற்றிய குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்த கோடீன், சில பிள்ளைகளின் உடலில் வெகுவேகமாக மார்ஃபினாக மாறி மூச்சை அடக்கியது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்குத் தடை எச்சரிக்கை விதித்தது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் எடையைப் பார்த்தே அளவு முடிவாகும்.

ஊசிக்குப் பயந்து "வலிக்கலை" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தாதியைத் தொந்தரவு செய்யத் தயங்கும் தாய்மாரும் உண்டு. பெற்றோரே, தயங்காதீர்கள். "என் பிள்ளைக்கு வலி எவ்வளவு இருக்கிறது, அடுத்த மருந்து எப்போது?" என்று கேளுங்கள். வலி அடங்கிய பிள்ளைதான் ஆழமாக மூச்சு விடும், இருமும், எழுந்து நடக்கும், சீக்கிரம் தேறும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். வலி மருந்துக்கும் பிள்ளை அழட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.