வைப்பரும் ஒரு நிராகரிப்புக் கடிதமும்

உப்பல் ரிங் ரோட்டில் சீசனின் முதல் மழை. வைப்பரைப் போட்டேன். கிர்ர்ர்... கண்ணாடி முழுக்கச் சேறு அப்பியதுதான் மிச்சம். மே மாத வெயிலில் ரப்பர் விறைத்துப் போயிருக்கிறது. கவனிக்காதது என் சோம்பேறித்தனம்!

இந்தக் குச்சிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் டிராமில் போனார். டிரைவர் முன்கண்ணாடியைத் திறந்து வைத்து, பனியில் நடுங்கியபடி ஓட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ரப்பர் பட்டை என்று மேரி ஒரு கருவி வரைந்தார். 1903 நவம்பர் 10-இல் காப்புரிமை கிடைத்தது. 1905-இல் ஒரு கனடா கம்பெனியிடம் விற்கப் பார்த்தார். வியாபார மதிப்பு இல்லை என்று பதில் வந்தது. 17 வருடக் காப்புரிமை 1920-இல் காலாவதி. 1922-இல் காடிலாக் தன் கார்களில் வைப்பரைப் பொருத்தியே விற்க ஆரம்பித்தது. மேரிக்குச் சல்லிக்காசு வரவில்லை.

லோன் பைல் பார்க்கும் எனக்கு அந்தக் கடிதம்தான் உறுத்துகிறது. 'லாபகரமானதல்ல' என்று எழுதி நான் திருப்பி அனுப்பிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்கள் எத்தனை! அதில் ஒரு மேரி இருந்திருப்பாரோ?

நம்மூர்ப் பங்கும் உண்டு. 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் வைப்பர் மோட்டார் செய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புழுதிக் கண்ணாடியில் காய்ந்த வைப்பரை ஓட்டாதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் தண்ணீர் அடியுங்கள். ரப்பரை அவ்வப்போது ஈரத்துணியால் துடையுங்கள். வருடாவருடம் ஜூனுக்கு முன் பிளேடை மாற்றிவிடுங்கள். நான் இன்று காலைதான் மாற்றினேன்.