கெடா–பினாங்கு நில உடன்படிக்கைகள்

கெடா சுல்தான்கள் படைத்துணையும் ஆண்டுப் பணமும் வேண்டி, பினாங்குத் தீவையும் அதன் எதிர்க்கரையையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த ஏற்பாடுகள் இவை. தீவு 1786-இல் கைமாறியது. உடன்படிக்கைகள் 1791-லும் 1800-லும் எழுதப்பட்டன. பட்டர்வொர்த், மாக் மண்டின், பிறை ஆகிய ஊர்கள் உள்ள செபராங் பிறைக் கடலோரம் இரண்டாவது ஏட்டின் வழியே பினாங்கோடு சேர்ந்தது.

நிலத்தை விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்குமா என்பது இஸ்ரேல்–பாலஸ்தீனச் சிக்கலில் ஓயாமல் எழும் கேள்வி. இஸ்ரேலுக்குச் செல்லாத கடப்பிதழைக் கையில் வைத்திருக்கும் மலேசியர் அதை அயலார் வழக்காகவே பார்த்துப் பழகியவர்கள். ஆனால் அதே கேள்விக்குச் சொந்த மண்ணிலேயே இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது.

பின்னணி

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கெடா பல பக்கமும் நெருக்கப்பட்ட நாடு. வடக்கே சயாம், அதற்கப்பால் பர்மா, தெற்கே சிலாங்கூரில் பூகிஸ்காரர்கள். சயாமுக்குப் பொன்மலர்த் திறை அனுப்பிக்கொண்டே சுல்தான் வேறு துணை தேடினார். 1771-இல் அவர் பேசிய ஆள் பிரான்சிஸ் லைட். ஜோர்டெய்ன், சலிவன், டிசூசா என்ற சென்னை வணிக நிறுவனத்தின் முகவராக லைட் கெடாவில் இருந்தார். மறு ஆண்டு சென்னையிலிருந்து எட்வர்ட் மாங்க்டன் தூது வந்தார். வணிகம் வேண்டும், சண்டைக்கு மட்டும் ஆள் தர முடியாது என்று கம்பெனி நின்றதால் பேச்சு முறிந்தது. சுல்தான் கேட்டது என்ன, கம்பெனி தர மறுத்தது என்ன என்பது அன்றே இரு தரப்புக்கும் தெளிவாகிவிட்டது. பின்னால் நடந்ததைத் தவறான புரிதல் என்று சொல்ல இடமில்லை.

1786: பதில் வராத நிபந்தனை

சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா தீவைத் தர இசைந்தபோது எழுதியனுப்பிய நிபந்தனைகளில் இரண்டு முக்கியம். தமக்கு ஏற்படும் வருவாய் இழப்புக்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி வேண்டும். தரைவழியாகத் தம்மைத் தாக்க வரும் பகைவன் கம்பெனிக்கும் பகைவனாக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்கு எதிரே கம்பெனி தரப்பில் எழுதப்பட்ட குறிப்பு மேலிடத்தின் கட்டளைக்கு அனுப்பப்படும் என்பதுதான். ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம் அலுவலகங்களில் இன்றும் கோப்பில் விழும் குறிப்பு அது.

கட்டளைக்குக் காத்திராமலே 1786 ஆகஸ்ட் 11 அன்று லைட் தீவில் கொடியேற்றினார். படைத்துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையைச் சுல்தானிடம் வளர்த்துவிட்டவரும் அவரே. கம்பெனி கடைசியில் மறுத்துவிட்டது. ஏமாந்த சுல்தான் தீவை மீட்க 1790-இல் பிறைக் கரையில் படையும் படகுகளும் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கி அவற்றைச் சிதறடித்தார். அடுத்த மாதமே எழுதப்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று முடிந்தது. படைத்துணை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

தமிழ் வணிகர்கள் இந்த மாற்றத்தில் தொடக்கத்திலேயே இடம்பெற்றவர்கள். கெடாவோடு ஏற்கெனவே தொழில் செய்துவந்த சூலியா முஸ்லிம்கள் தீவுக்கு இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் பெயரோடு இணைந்ததே ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்.

1800: எதிர்க்கரை

துணைநிலை ஆளுநர் ஜார்ஜ் லீத், சுல்தான் சியாவுதீன் முகர்ரம் ஷாவோடு செய்த உடன்படிக்கை மூடா ஆற்று முகத்திலிருந்து கெரியான் ஆற்று முகம் வரையுள்ள கரையைக் கம்பெனிக்கு அளித்தது. கடலிலிருந்து உள்நோக்கி 60 ஓர்லோங் என்பது எல்லை. ஓர்லோங்கை 240 அடி என்று கொண்டால் ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர். மாக் மண்டின் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லியின் பெயரால் இது புரோவின்ஸ் வெல்லஸ்லி ஆயிற்று. பின்னாளில் இங்கே எழுந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள்.

இந்த ஏட்டை இரண்டு முறை படிக்க வேண்டும். நிலத்தை என்றென்றைக்கும் கொடுப்பதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு 10,000 வெள்ளியோ, தீவும் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் வசம் இருக்கும் வரை என்று இன்னோரிடத்தில் வருகிறது. கடல்வழி வரும் பகைவர், கொள்ளையர்களிடமிருந்து கரையைக் காப்பதாகவும் கம்பெனி உறுதி தந்தது. எந்தக் கரையை? தனக்குக் கிடைத்த கரையைத்தான்.

விளைவு

1821-இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் ஹலீம் ஷா பினாங்குக்கு ஓடிவந்தார். கம்பெனி அடைக்கலம் தந்தது, படை அனுப்பவில்லை. 1826-இல் ஹென்றி பர்னி சயாமோடு செய்த உடன்படிக்கை கெடா சயாம் வசமே இருக்க ஒப்புக்கொண்டது. போதாக்குறைக்கு, தன் முன்னோர் கொடுத்த பினாங்கிலும் பிறையிலும் சுல்தான் குடியிருக்கக் கூடாது என்றும் அதில் எழுதப்பட்டது. அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1842-இல் சயாமின் இசைவோடு அரியணை திரும்பியபோது நாடு சுருங்கியிருந்தது. பெர்லிஸ் தனியாகப் பிரிந்துவிட்டது. கெடாவைக் கம்பெனி நடத்திய விதத்தைப் பின்னாளில் ஆங்கிலேய ஆளுநராக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாமே தம் நூலில் கண்டித்தார்.

ஒப்பீடு

1967-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 242-ஆம் தீர்மானத்திலிருந்து வளர்ந்தது ‘நிலத்துக்கு அமைதி’ என்ற வாய்பாடு. எகிப்தும் இஸ்ரேலும் 1979-இல் ஒப்பமிட்டபோது சினாய் ஒரே நாளில் கைமாறவில்லை. இஸ்ரேல் கட்டங்கட்டமாக விலகி 1982 ஏப்ரலில் முடித்தது. ஒவ்வொரு தரப்பும் கொடுப்பதும் பெறுவதும் சேர்ந்தே நடந்தன; அந்த அமைதி நிலைத்தது. 1993-இல் தொடங்கிய ஆஸ்லோ ஏற்பாடு வேறு வகை. எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் ஆகிய கடினமானவை எல்லாம் இறுதிப் பேச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ‘சி’ பகுதியாக இஸ்ரேல் கட்டுப்பாட்டிலேயே நின்றது. கெடாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். பேரத்தின் உயிரான நிபந்தனையைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டால், நிலத்தை வைத்திருப்பவனுக்குப் பிறகு அவசரம் இருப்பதில்லை. கெடா கொடுத்த தரப்பு, பாலஸ்தீனர் பெற வேண்டிய தரப்பு என்ற வேறுபாடு பெரியதுதான். ஒத்திப்போட்டதன் பலன் மட்டும் ஒன்றே.

இன்றைய நிலை

1957-இல் பினாங்கு மலாயாக் கூட்டரசின் மாநிலமாயிற்று. ஆங்கிலேயர் வசம் இருக்கும் வரை என்ற வாசகத்தின் பொருள் அன்று முதல் விவாதமாகிவிட்டது. கெடா மந்திரி பெசார் முகமது சனுசி பினாங்கு கெடாவுக்கே உரியது என்று பலமுறை வாதிட்டிருக்கிறார். பினாங்கு முதலமைச்சர் சோவ் கோன் இயோவ் அதை மறுத்தார். சட்டப்படி பினாங்கின் தரப்பே வலுவானது. கூட்டரசு அரசியலமைப்பின் 1-ஆம் பிரிவு பினாங்கைத் தனி மாநிலமாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 2-ஆம் பிரிவின்படி, அந்தந்த மாநிலமும் ஆட்சியாளர்கள் மன்றமும் இசையாமல் எல்லையை மாற்ற முடியாது. நியாயக் கணக்கு வேறு. அதில் கெடாவுக்கு வர வேண்டியிருந்த படைத்துணை 1821-லேயே பொய்த்துப்போனது.

ஆண்டுப் பணத்தை விடுதலைக்குப் பின் கூட்டரசு தொடர்ந்து கட்டியது. நெடுங்காலம் 10,000 ரிங்கிட்டாக இருந்த தொகை, 2018-இல் ஆட்சி மாறிய பின் ஒரு கோடி ரிங்கிட் ஆக்கப்பட்டது.