பதினேழு நாள், பதினோரு புத்தகம்

போன டிசம்பர் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன். வருஷத்துக்கு 40 புத்தகம் என்று ஜனவரியில் வீறாப்பாய் குட்ரீட்ஸில் எழுதி வைத்திருந்தேன். முடித்தது 29. பாக்கி 11. கையில் இருப்பது 17 நாள். அதிலும் கடைசி வாரம் காலாண்டு முடிவு. கிளையை விட்டு வெளியே வரவே ராத்திரி ஆகிவிடும்.

அந்தத் தளம் வேறு, "நீங்கள் 9 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்று காட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆர்.ஓ.விலிருந்து வரும் நினைவூட்டல் கடிதம் மாதிரியே தொனி. டெபாசிட் டார்கெட்டுக்குப் பயந்து நாக்பூர் வரை வந்தவன், வீட்டிலும் ஒரு டார்கெட்டை நானே இழுத்து விட்டுக்கொண்டேன், பாருங்கள்.

என்ன செய்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அலமாரி முன்னால் நின்று, முதுகு ஒல்லியாய் இருக்கிற புத்தகங்களாய்ப் பார்த்து உருவ ஆரம்பித்தேன். கி.ரா.வின் 'கிடை'. அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஹெமிங்வேயின் கிழவனும் கடலும். டால்ஸ்டாயின் இவான் இலியிச். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, இது சீட்டிங். நீங்க புக் செலக்ட் பண்ணல, வெயிட் போட்டுப் பாக்கறீங்க."

தங்கமணி சமையலறையிலிருந்து ஒரு படி மேலே போனாள். "ஏங்க, காலைல சாம்பார் பொடி பாக்கெட்ட முழுசா படிச்சீங்களே, அதையும் சேத்துக்கலாமே!"

மகள் சொன்னது சுருக்கென்றது. காரணம், எங்கள் தொழிலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: விண்டோ டிரஸ்ஸிங். மார்ச் 31ஆம் தேதி தெரிந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "சார், ஒரே ஒரு நாள் பணத்தைப் போட்டு வையுங்க" என்பது. அன்று ராத்திரி டெபாசிட் தொகை கொழுகொழுவென்று நிற்கும். ஏப்ரலில் கணக்கு திறந்ததும் பணம் வந்த வழியே போய்விடும். (நான் செய்ததில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனால் சொல்லவில்லை.)

சரி, ஒல்லிப் புத்தகம் படிப்பது ஏமாற்றா? அதற்கு முதலில் ஒல்லிப் புத்தகம் ஏன், யாருக்காக வந்தது என்று பார்க்க வேண்டாமா? பி.காம். படித்தவனுக்கு எதையும் லெட்ஜரின் முதல் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் தெரியும். புத்தகம் படிக்க வேண்டிய 17 நாளில் மூன்று ராத்திரியை இதைத் தேடுவதிலேயே தொலைத்தேன்.

முதல் சந்தேகம், எத்தனை பக்கம் இருந்தால் அது புத்தகம்? இதற்கு ஐ.நா. சபையே பதில் வைத்திருக்கிறது! 1964இல் யுனெஸ்கோ, புள்ளிவிவரம் எடுக்க வசதியாக ஒரு பரிந்துரை செய்தது. அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கம் இருந்தால் புத்தகம். 5 முதல் 48 வரை என்றால் சிறு பிரசுரம். அச்சாபீஸ் பக்கம் போனவர்களுக்கு 48 தெரிந்த எண்தான். ஒரு ஃபாரம் 16 பக்கம் என்றால் மூன்று ஃபாரம். அலமாரியில் நான் உருவியதெல்லாம் 49ஐத் தாண்டியவைதான். சட்டப்படி தப்பில்லை என்று மகளிடம் சொன்னேன். "லீகல்னு சொன்னா சீட்டிங் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். இவளைக் காமர்ஸ் சேர்த்தது தப்பு, வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும்.

ஒல்லியான மலிவுப் புத்தகம் என்றால் ஜெர்மனியில் ரெக்லாம். 1867 நவம்பரில், பழைய எழுத்தாளர்களின் காப்புரிமை காலாவதியான மறுநாளே கதேயின் ஃபவுஸ்டில் ஆரம்பித்த வரிசை அது. 1912இல் இயந்திரத்தில் காசு போட்டால் புத்தகம் விழுகிற மாதிரிகூட விற்றார்கள். நாம் ஏ.டி.எம். என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ரெக்லாம் இல்லை. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில், சுரங்கப் பகுதியில் இருக்கும் ஜிரார்ட் என்ற சின்ன ஊர்க் கதை. அதில் ஒரு வங்கி வருகிறது, அதனால் கூடுதல் பாசம்.

எமானுவேல் ஜூலியஸ் 1889இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா ருஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலாளி. (ஊர் விட்டு ஊர் வந்த அப்பா, அடுத்த தலைமுறைக்குப் படிப்புப் பசி. நமக்குத் தெரியாத கதையா?) பதினைந்து வயதில் பத்து சென்ட்டுக்கு ஆஸ்கர் வைல்டின் சிறைக் கவிதை ஒன்றைச் சிறு பிரசுரமாக வாங்குகிறார். குளிர்காலத்தில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, கை விறைத்துப் போனதுகூடத் தெரியாமல் ஒரே மூச்சில் படித்து முடிக்கிறார். இப்படிப்பட்ட புத்தகம் சட்டைப்பைக் காசுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில் முளைத்ததாகப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார்.

1915இல் ஒரு சோஷலிசப் பத்திரிகையில் வேலை செய்ய ஜிரார்ட் வருகிறார். அதே வருஷம் அந்த ஊர் வங்கியின் தலைவராக இருந்த பெண்மணி காலமாக, நியூயார்க்கில் மேடை நடிகையாக இருந்த மகள் மார்செட் ஹால்ட்மன் வங்கியைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வருகிறார். 1916இல் இருவருக்கும் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேருமே பெயரைச் சேர்த்து 'ஹால்ட்மன்-ஜூலியஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். 1916இல்! 1919இல் அந்தப் பத்திரிகையின் அச்சகம் விலைக்கு வந்தபோது மனைவி கடன் கொடுத்தார், கணவர் வாங்கினார். உலகத்தில் எத்தனையோ நல்ல காரியம் ஒரு நல்ல லோனில்தான் ஆரம்பிக்கிறது, வங்கிக்காரனைத்தான் யாரும் எழுதுவதில்லை.

அடுத்து அவர் செய்ததைப் படித்து நான் எழுந்து உட்கார்ந்தேன். பத்திரிகையின் சந்தாதாரர்கள் 1,75,000 பேருக்கு அறிவிப்பு: ஐந்து டாலர் முன்பணம் அனுப்புங்கள், சின்னச் சின்னப் புத்தகமாய் 50 அனுப்புகிறேன். ஏறக்குறைய 5,000 பேர் அனுப்பினார்கள். மொத்தம் 25,000 டாலர். புத்தகம் இன்னும் அச்சாகவே இல்லை, ஒர்க்கிங் கேப்பிடல் கையில்! இந்த ஆள் என் கிளைக்கு வந்திருந்தால் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

மூன்றரைக்கு ஐந்து அங்குலம், நடுவில் பின் அடித்தது, பெரும்பாலும் 64 பக்கம். தொழிலாளியின் சட்டைப்பையில் அடங்கும். விலை முதலில் 25 சென்ட், பிறகு 10, கடைசியில் 5 சென்ட். பெயர் 'லிட்டில் புளூ புக்'. பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம். அதில் தலைப்பும் நம்பரும் மட்டும். வேண்டிய நம்பரை எழுதிப் பணம் அனுப்பினால் தபாலில் வந்துவிடும். ஷேக்ஸ்பியரும் இருந்தார், பிளேட்டோவும் இருந்தார், தன் குறை நீக்கும் வழிகளும் இருந்தன. கடைசியில் ஏறத்தாழ 2,000 தலைப்புகள், கோடிக்கணக்கில் பிரதிகள்.

நியூயார்க்கில் ஒருநாள் போகிற போக்கில் ஒரு கூடத்துக்குள் நுழைந்து பிளேட்டோ பற்றிய சொற்பொழிவு கேட்டார். பேசியவர் வில் டூரன்ட். அதையே எழுதித் தரச் சொல்லிச் சிறு புத்தகமாய்ப் போட்டார். பிறகு அடுத்த தத்துவஞானி, அதற்கடுத்தவர்... அப்படி வந்த பதினோரு ஒல்லிப் புத்தகங்கள் சேர்ந்துதான் 1926இல் 'தத்துவத்தின் கதை' என்ற குண்டுப் புத்தகம் ஆனது. இதைச் சொன்னதும் மகள் முதல் முறையாகக் காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றினாள்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நானும் விண்டோ டிரஸ்ஸிங்தான் செய்கிறேன். மனிதர் பயங்கரக் கணக்குப் பிள்ளை. வருஷத்துக்கு 10,000 பிரதி போகாத புத்தகத்தை 'ஆஸ்பத்திரி' என்று அவர் பெயர் வைத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே வைத்தியம் என்பது பெரும்பாலும் தலைப்பு மாற்றுவது. கோத்தியே எழுதிய 'பொன் ஆட்டுரோமம்' என்ற பொருள்படும் கதை 1925இல் சுமார் 6,000 விற்றது. அதையே 'பொன்னிறக் கூந்தல்காரியைத் தேடி' என்கிற மாதிரி மாற்றினார். மறு வருஷம் 50,000! உள்ளே ஓர் எழுத்து மாறவில்லை. எங்கள் என்.பி.ஏ. கணக்குகளுக்கு இப்படியொரு வைத்தியம் இருந்தால் தேவலை. 1928இல் இந்த விற்பனைக் கணக்கையெல்லாம் தானே ஒரு புத்தகமாய்ப் போட்டார். 1951இல் வருமான வரி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு. அதே வருஷம் ஜூலை மாதம் தன் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்து போனார். மகன் தொடர்ந்து நடத்தி, 1978இல் அச்சகம் தீப்பிடித்து எரிந்ததோடு முடிந்தது.

ஆக, எண்ணிக்கைப் பைத்தியம் ஆதியிலிருந்தே இருக்கிறது. அது விற்றவரிடம் இருந்தது. எத்தனை போச்சு என்று அவர் எண்ணினார். வாங்கியவன் எண்ணவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில் 64 பக்கம்தான் முடியும், அதனால் படித்தான். 2011இல் குட்ரீட்ஸ் இந்தச் சவாலைக் கொண்டுவந்தபோது எண்ணுகிற வேலையை நம் கையில் கொடுத்துவிட்டது. 2013இல் அந்தத் தளத்தையே அமேசான் வாங்கியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் துணி காயப் போட்ட மாதிரி மாத நாவல்கள் தொங்கும். ராணி முத்து, மாலைமதி, பாக்கெட் நாவல். அப்பா மாதம் ஒன்று வாங்குவார். அப்பா படித்ததும் அம்மா, பிறகு பக்கத்து வீட்டு அக்கா, பிறகு யாரிடம் போனதோ தெரியாது. அட்டை கிழிந்து திரும்பி வரும், இல்லை வராமலே போகும். அப்பா ஆயுசில் எத்தனை படித்தார்? அவருக்கே தெரியாது. கேட்டிருந்தால் முறைத்திருப்பார்.

சரி, என் டிசம்பருக்கு வருகிறேன். கிடை ஒரே ராத்திரி. ஹெமிங்வே ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் இரண்டு நாள். மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. நூறு பக்கம்தானே, ஒரே மூச்சு என்று 22ஆம் தேதி இவான் இலியிச்சை எடுத்தேன். அங்கேதான் மாட்டினேன்.

அரசாங்க உத்தியோகஸ்தன். ஒழுங்காய் ஃபைல் பார்த்து, ஒழுங்காய்ப் பதவி உயர்வு வாங்கி, புது ஊரில் நல்ல வீடு பார்த்துத் திரைச்சீலை மாட்டப் போய் விலாவில் அடிபட்டு, அதிலிருந்து மெல்ல மெல்லப் போகிறான். வயது 45. எனக்கும் 45. எனக்கும் ஆறு ஊர் மாற்றல், ஒவ்வொரு ஊரிலும் திரைச்சீலை மாட்டுகிற வேலை என்னுடையது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு மேல் நகரவில்லை. ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு, மகள் அறையில் விளக்கு எரிகிறதா என்று சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் ஆயிற்று முடிக்க. 29ஆம் தேதி ராத்திரி அந்தத் தளத்தில் 'முடித்தேன்' என்ற பொத்தானை அழுத்தவே கூச்சமாக இருந்தது. அழுத்தினேன், அது வேறு விஷயம்.

31ஆம் தேதி கிளையில் கணக்கு முடித்து வீடு வந்தபோது மணி பதினொன்று. எண்ணிக்கை 38. இரண்டு குறை. மகள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். கையில் இவான் இலியிச். எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள், எட்டாவது பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, முதல்லயே செத்துட்டானே, அப்புறம் கதையில என்ன இருக்கு?"

"படி" என்றேன்.

"உங்களுக்கு ரெண்டு தானே குறையுது? என்னோட அக்கவுண்டன்ஸி புக் ரெண்டு பார்ட் இருக்கு. உங்களுக்கு ஈஸி, அரை மணில முடிச்சிடுவீங்க."

மணி பதினொன்றே கால். இரண்டாம் பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒல்லியாகத்தான் இருந்தது.