எத்தனை நாளுக்கு ஒருமுறை? காரைக்கால் கரையில் பளு தூக்கலும் ஓய்வும்

ஆய்வுச்சுருக்கம்

தரையில் கிடக்கும் பளுவை நிமிர்த்தித் தூக்கும் செயலை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தால் வலிமை பெருகும் என்னும் வினா இன்று உடற்பயிற்சிக்கூடத்திற்கு உரியதாகவே கருதப்படுகிறது. காரைக்கால் சார்ந்த காவிரிக் கடைமடையின் உழைப்பு வரலாறு, தென்மாவட்டங்களின் இளவட்டக்கல் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் பயிற்சி ஆய்வுகள் ஆகியவற்றை அருகருகே வைத்து நோக்கும்போது, இவ்வினா ஓய்வு யாருக்கு வாய்த்தது என்னும் வினாவோடு பிணைந்திருப்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், ஒப்பந்தக் கூலி, மூட்டை, இளவட்டக்கல், டெட்லிஃப்ட், பயிற்சி இடைவெளி, ஓய்வு

உடன்படிக்கை வகுத்த நாள்கணக்கு

தஞ்சை மராத்தியரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெல்லையும் அரிசியையும் மட்டுமன்றி மனிதரையும் ஏற்றுமதி செய்யும் துறையாயிற்று. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. புதுச்சேரி, காரைக்கால் ஆகிய துறைகளின் வழியே தமிழ்நாட்டு உழைப்பாளர் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் சென்றனர். 1850-களின் முற்பகுதி முதல் 1880-களின் இறுதி வரை குவாதலூப்புக்குச் சென்ற இந்தியர் 42,000-க்கும் மேற்பட்டோர். மார்த்தினிக்குக்குச் சென்றோர் 25,000-க்கும் மேற்பட்டோர்.

இக்குடிப்பெயர்வை ஒழுங்குபடுத்தப் பிரித்தானிய அரசும் பிரெஞ்சு அரசும் 1861 ஜூலை 1 அன்று செய்துகொண்ட உடன்படிக்கையில், இக்கட்டுரையின் பொருளுக்கு நேராக வந்து நிற்கும் ஒரு விதி உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரை ஏழு நாளில் ஆறு நாளுக்கு மேலும், ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்திற்கு மேலும் வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பதே அது. ஓர் உடல் வாரத்தில் எத்தனை நாள் பளு சுமக்கலாம் என்பதை இரு பேரரசுகள் எழுத்தில் வைத்த இடம் இது. இவ்வெண்ணை வகுத்தோர் தசை எவ்வளவு நேரத்தில் தேறும் என்று ஆராய்ந்து ஆறு என்று முடிவு செய்யவில்லை. கிறித்தவ நாட்காட்டியின் ஞாயிறும், தோட்ட முதலாளியின் கணக்கும், பிரித்தானிய அரசின் கண்காணிப்பு விருப்பமும் சேர்ந்து அமைந்த எண் அது. அதனைக் காட்டிலும் கடுமையாக வேலை வாங்கப்பட்ட இடங்கள் பல என்பதும் ஒப்பந்தக் கூலி வரலாற்றைக் கற்றோர் அறிந்ததே. ரெயூனியனுக்கான குடிப்பெயர்வைப் பிரித்தானிய இந்திய அரசு 1882-இல் நிறுத்தியதற்கும், கரீபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கானதை 1888-இல் நிறுத்தியதற்கும் தொழிலாளர் நிலை குறித்த முறையீடுகளே பெருங்காரணம்.

கரையில் நின்றவர்கள்

கப்பலேறாமல் கரையில் நின்றவர்க்கும் பளுவே பிழைப்பாக இருந்தது. காரைக்காலின் அரிசி வணிகம் பெரும்பாலும் இலங்கையை நோக்கியது. சோழமண்டலக் கரையின் பல துறைகளைப் போலவே இங்கும் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. படகுகளே சரக்கைக் கொண்டு சேர்த்தன. ஆகவே ஒரே மூட்டை களஞ்சியத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து படகுக்கும், படகிலிருந்து கப்பலுக்கும் எனப் பலமுறை மனிதக் கையால் எழும்ப வேண்டியிருந்தது. 1898-இல் பேரளம்–காரைக்கால் இருப்புப்பாதை வந்தபின் பளு ஏறும் இடம் மாறியது. ஏற்றும் முதுகு மாறவில்லை.

இவ்வேலையின் காலக்கணக்கு பயிர்க்கணக்கைச் சார்ந்தது. சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் மூட்டைகள் குவியும். கோடையில் வேலை தேய்ந்துவிடும். பயிற்சியாளர் ஒருவர் இதைக் கண்டால் திட்டமிடாத பருவகாலப் பயிற்சி என்று கூறக்கூடும். ஆனால் பயிற்சிக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. மூட்டையின் எடை நிலையானது. அந்த எடைக்கு உடல் பழகியபின் வலிமை மேலே வளர வழியில்லை. வளர்வது தாங்கும் திறன் மட்டுமே. மேலும் தேர்ந்த சுமைதூக்குவோர் மூட்டையைத் தனியாகத் தரையிலிருந்து எடுப்பது அரிது. இருவர் தூக்கிவிட, ஒருவர் தலையிலோ முதுகிலோ வாங்கிக்கொள்வார். கைக்கொக்கியும் தலைச்சும்மாடும் அவ்வேலையின் கருவிகள். தரையிலிருந்து எழுப்பும் அந்த முதல் சாணையே மிகக் கொடியது என்பதை ஆய்வுக்கூடம் கூறுமுன்பே அவர்கள் அறிந்திருந்தனர்.

தை மாதத்துக் கல்

தரையிலிருந்து தனியொருவர் பளு எழுப்புவதையே நோக்கமாகக் கொண்ட தமிழ் வழக்கைக் காணக் கடைமடையிலிருந்து தெற்கே செல்ல வேண்டும். இளவட்டக்கல் என்றும் மாப்பிள்ளைக்கல் என்றும் வழங்கும் உருண்டைக் கற்கள் மதுரைக்குத் தெற்கேயுள்ள ஊர்களிலேயே இன்று தெளிவாக நிலைத்துள்ளன. கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தனர் என்னும் செய்தி யாவரும் அறிந்தது. சற்று மிகையாகவே பரவியதும்கூட. கல்லின் வடிவமும் தூக்கும் முறையும் அதனினும் கவனிக்கத்தக்கவை. பிடிக்கக் கைப்பிடியில்லாத வழவழப்பான கல்லைக் குந்தி அணைத்து, தொடைமேல் உருட்டி, மார்புக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுசென்று, பின்புறமாக வீச வேண்டும். நான்கு கட்டங்களுள் முதற்கட்டமே இன்றைய டெட்லிஃப்டின் உறவு.

திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடைபெறும் போட்டிக்கான கற்கள் 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை படிப்படியாக ஏறுகின்றன. பெண்களும் இப்போது பங்கேற்கின்றனர். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே 15 கிலோ அளவுக்கு இடைவெளி இருப்பதால், சிறிது சிறிதாக எடை கூட்டும் வாய்ப்பு இல்லை. ஒரு கல்லை வென்றவர் அடுத்ததை அசைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். அன்றாட வலிமையை உழவும் நீரிறைப்பும் தந்தன. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் உடலைப் பதப்படுத்தின. கல் ஆண்டிற்கொருமுறை அதை அளந்தது. இலேசானதை நாள்தோறும், மிகக் கனமானதை அரிதாக என்னும் பிரிவினை இவ்வழக்கில் இயல்பாகவே அமைந்திருந்தது.

கல்லை அளவுகோலாகக் கொண்டது தமிழர் மட்டுமன்று. ஐஸ்லாந்தின் யூபலோன்சாந்தூர் கடற்கரையில் 23, 54, 100, 154 கிலோ எடையுள்ள நான்கு கற்கள் உள்ளன. மீன்பிடிப் படகில் இடம்பெற விரும்பியவர் எக்கல்லை இடுப்பளவு உயர்த்தினார் என்பதைக் கொண்டு அவர் தகுதி முடிவாயிற்று. அங்கே பரிசு படகில் ஓரிடம். இங்கே ஊரில் ஒரு மதிப்பு.

தட்டேற்றும் கம்பி

பளுவைப் பயிற்சியாக மாற்றியது எடையைச் சிறு அளவில் கூட்டவல்ல கம்பியே. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வெர்ட் 1902-இல் தொடங்கிய நிறுவனம் தட்டுகளை ஏற்றி இறக்கும் கம்பியைப் பரவலாக்கியது. நாள்தோறும் வளரும் கன்றைச் சுமந்த கிரேக்க வீரர் மிலோவின் பெயரையே அந்நிறுவனத்துக்கு இட்டது பொருத்தமானது. கல்லில் 15 கிலோவாக இருந்த படி, கம்பியில் இரண்டரைக் கிலோவாகச் சுருங்கியது. எடையைக் கூட்டுவது எளிதானபின்தான் எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டலாம் என்னும் வினாவுக்கு இடம் பிறந்தது.

டெட்லிஃப்டில் அவ்வினா பிற பயிற்சிகளைவிடக் கூர்மையானது. அசையாது கிடக்கும் கம்பியை முழங்காலும் இடுப்பும் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்த்தும்போது தொடை, பிட்டம், முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகள், பிடி என உடலின் பெரும்பகுதி ஒருங்கே உழைக்கிறது. மனிதர் கையால் எழுப்பக்கூடிய மிகப் பெரிய எடைகள் இம்முறையிலேயே எழுகின்றன. கீழ்முதுகு ஒவ்வொரு முறையும் வளையாமல் நின்று அழுத்தத்தைத் தாங்குவதால், அது தேறுவதற்குள் மறுமுறை தூக்கினால் பிடி தளருமுன் முதுகின் நிலை தளரும்.

இருப்பினும் அடிக்கடி தூக்கி வென்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த உழவர் பாப் பீப்பிள்ஸ் 1949-இல், ஏறத்தாழ 82 கிலோ உடல் எடையில், 329 கிலோ தூக்கினார். தம் கருவிகளைத் தாமே செய்துகொண்ட அவர் வாரத்தில் பல நாள் இப்பயிற்சியைச் செய்தவர். பல்கேரியப் பயிற்சியாளர் இவான் அபாஜியெவின் வீரர்கள் நாள்தோறும் உச்ச எடையை முயன்றனர். ஆனால் அவர்கள் செய்தது தலைக்கு மேல் உயர்த்தும் ஒலிம்பிக் வகை; அதில் எடை குறைவு, உயர்த்தியபின் கம்பியைக் கீழே விட்டுவிடலாம். வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றதும் இவ்வகையிலேயே. இவ்விரு துறைகளின் நாள்கணக்கை ஒன்றாகக் கலப்பது பயிற்சிக்கூடங்களில் காணும் பிழைகளுள் முதன்மையானது.

ஆய்வுச் சான்றுகளுள் 1990-இல் வெளியான ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. கிரேவ்ஸ் குழுவினர் 114 பேரைக் கீழ்முதுகுத் தசைக்கான கருவியில் 12 வாரம் பயிற்றினர். இரு வாரத்திற்கு ஒருமுறை, வாரத்திற்கு ஒருமுறை, இருமுறை, மும்முறை எனப் பிரிக்கப்பட்டவர்களுள் வாரத்திற்கு ஒருமுறை பயின்றோர் பெற்ற வலிமை, இருமுறையும் மும்முறையும் பயின்றோர் பெற்றதற்கு இணையாக இருந்தது. அது டெட்லிஃப்ட் அன்று. இடுப்பைக் கட்டிவைத்துக் கீழ்முதுகை மட்டும் இயக்கும் கருவி. ஆயினும் டெட்லிஃப்டில் முதலில் சோரும் உறுப்பைப் பற்றியது என்பதால் அதன் மதிப்பு பெரிது. கிர்கிச் குழுவினரின் 2018 தொகுப்பாய்வு பல பயிற்சிகளைச் சேர்த்து நோக்கியது. அடிக்கடி பயின்றோர் கூடுதல் வலிமை பெற்றனர். ஆனால் வாரத்தின் மொத்தப் பளுவைச் சமமாக்கியபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. நாட்களின் எண்ணிக்கை மொத்தப் பளுவைப் பகிரும் வழியேயன்றித் தனி மருந்தன்று என்பது இதன் பொருள்.

இவற்றைக் கொண்டு நோக்கின், தொடக்கநிலையில் எடை சிறிதாதலால் வாரத்தில் இருமுறையோ மும்முறையோ பயில்வதும், எடை பெருகப்பெருக மிகக் கனமான தூக்கலை வாரத்திற்கு ஒருமுறையாகச் சுருக்கி, மற்றொரு நாள் இலேசாகப் பயில்வதும் ஏற்புடையதாகின்றன. இளவட்டக்கல்லின் பிரிவினைக்கு இது வெகுதொலைவில் இல்லை.

நிமிடக் கணக்கு

தொழிலாளர் முதுகைப் பற்றிய அறிவியல் இதே வினாவை வேறோர் அலகில் கேட்டது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் 1991-இல் திருத்திய தூக்கல் சூத்திரம், மிகச் சாதகமான நிலையிலும் 23 கிலோவையே தொடக்க எடையாகக் கொள்கிறது. பின்னர், நிமிடத்திற்கு எத்தனை முறை தூக்கப்படுகிறது என்பதற்கேற்ப அதைக் குறைக்கிறது. நிமிடத்திற்கு 15-க்கு மேல் போனால் பரிந்துரைக்கும் எடை சுழியாகிவிடும். பயிற்சிக்கூடத்தில் வாரத்திற்கு எத்தனை நாள் என்பது கேள்வி; ஏற்றுக்களத்தில் நிமிடத்திற்கு எத்தனை மூட்டை என்பது கேள்வி. முன்னதில் கேட்பவரே பதிலையும் தேர்கிறார்.

சட்டங்கள் பெரிதும் எடையையே நோக்கின. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, தீங்கு நேரும் அளவுக்குக் கனமான பளுவைத் தூக்கச் செய்யலாகாது என்றது. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவை உச்ச எல்லையாகக் காட்டியது. நெடுங்காலம் இந்தியாவில் தானியச் சாக்கு 95 கிலோ கொண்டது. அது பின்னர் 50 கிலோவாகச் சுருங்கியது. கடைமடையைச் சூழ்ந்த தமிழ்நாட்டு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் இன்று நெல் 40 கிலோ சிப்பமாகக் கட்டப்படுகிறது.

முதுகுக்கு இது பெரும் நன்மையே. ஆனால் எண்ணிக்கை வேறு கதை கூறும். ஒரு டன் நெல்லை ஏற்ற 95 கிலோ மூட்டையில் 11 முறை தூக்கினால் போதும். 50 கிலோவில் 20 முறை. 40 கிலோவில் 25 முறை. ஒருவர் நாளொன்றுக்கு 200 சிப்பம் ஏற்றுவதாகக் கொண்டால் அது 8,000 கிலோ. 140 கிலோவை ஐந்தைந்தாக ஐந்து சுற்று தூக்கும் பயிற்சியாளரின் அன்றைய மொத்தம் 3,500 கிலோ. அவர் அடுத்த முறை அக்கம்பியைத் தொடுவது ஒரு வாரம் கழித்து.

2009-இல் வாஞ்சூரில் தொடங்கிய காரைக்காலின் புதிய துறைமுகத்தில் நிலக்கரியை இயந்திரங்களே இறக்குகின்றன. சம்பா நெல்லைச் சிப்பமாகக் கட்டி லாரியில் ஏற்றும் வேலை இன்னும் மனிதரிடமே உள்ளது. கூலி சிப்பக் கணக்கில் அமையும் இடங்களில், ஓய்வெடுத்த நாளுக்குக் கூலி இல்லை.