கட்-ஆஃப் எண்ணும் அதன் எல்லையும்: சேலம், நாமக்கல் பொறியியல் சேர்க்கையை முன்வைத்து

பிளஸ் டூ முடிவு வந்ததும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து வீடுகளில் ஒரே கணக்குத்தான் போடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தவருக்குக் கட்-ஆஃப் 185. அதைக் கல்லூரிகளின் சென்ற ஆண்டுக் கட்-ஆஃபோடு ஒப்பிட்டு இரண்டு முடிவுகள் எடுக்கிறார்கள்: எங்கே இடம் கிடைக்கும், எந்தக் கல்லூரி தரமானது. முதல் கேள்விக்கு அந்த எண்ணை நம்பலாம்; இரண்டாவதற்கு நம்பக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம்பத்தக்க பகுதியை முதலில் பார்ப்போம். 1984இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. அன்றுமுதல் பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. மதிப்பெண் வழங்குவது அரசுத் தேர்வுத் துறை. கலந்தாய்வை முன்பு அண்ணா பல்கலைக்கழகமும் 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் நடத்திவருகின்றன. இந்த எண்ணில் கல்லூரி கைவைக்க வழியில்லை.

ஆனால் இந்த எண் யாரைக் குறிக்கிறது? சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குத் தருகின்றன. எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடு. அங்கே சேரப் பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு மதிப்பெண் போதும். ஒரு கற்பனைக் கணக்கு: 100 பேர் படிக்கும் பிரிவில் கலந்தாய்வில் வந்த 65 பேரின் சராசரி 180, நிர்வாக இடங்களில் சேர்ந்த 35 பேரின் சராசரி 130 என்றால், வகுப்பின் உண்மைச் சராசரி 162.5. விளம்பரத்தில் 180 என்று மட்டும் அச்சிட்டால் அதில் ஓர் இலக்கம்கூடப் பொய்யில்லை. படிப்பவர் மனத்தில் பதியும் சித்திரம்தான் பொய்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவின் கிளேர்மாண்ட் மெக்கென்னா கல்லூரி, தன் மாணவர்களின் எஸ்.ஏ.டி. சேர்க்கைத் தேர்வு மதிப்பெண்கள் பல ஆண்டுகளாக உயர்த்திக் காட்டப்பட்டதை 2012இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு எமரி பல்கலைக்கழகம், உண்மையில் சேர்ந்தவர்களுக்குப் பதிலாக, இடம் வழங்கப்பட்டவர்களின் மதிப்பெண்களைத் தந்துவந்ததாக அறிவித்தது. முன்னது எண்ணைத் திரித்தது. பின்னது யாரை எண்ணுவது என்பதைத் திரித்தது. நமக்கு நெருக்கமானது இரண்டாவது வகை. கண்டுபிடிக்கக் கடினமானதும் அதுவே.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் இடர் உண்டு. 2021இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு 50, பிளஸ் ஒன் 20, பிளஸ் டூ 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் வழங்கப்பட்டது. அவ்வாண்டுக் கட்-ஆஃப் உயர்வைக் கல்லூரியின் வளர்ச்சியாகக் காட்டுவது தவறு. மேலும், இவ்வட்டாரத்தின் உறைவிடப் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திப் பேர் பெற்றவை. அந்த மதிப்பெண் ஓட்டத்தைத் தணிக்கவே 2017இல் மாநில ரேங்க் பட்டியல் கைவிடப்பட்டது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாணவர் பள்ளியிலிருந்து சுமந்துவரும் மதிப்பெண், கல்லூரியின் கற்பித்தலுக்குச் சான்றாகாது.

நிர்வாக ஒதுக்கீடு சட்டப்படியானது, அம்மாணவர்களின் மதிப்பெண்ணை ஏன் வெளியிட வேண்டும் என்று கேட்கலாம். பெயர் தேவையில்லை, ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வோர் ஒதுக்கீட்டிலும் சேர்ந்தோர் எண்ணிக்கை, மிகக் குறைந்த மதிப்பெண், இடைநிலை மதிப்பெண் ஆகிய மூன்றும் போதும். மருத்துவத்தில் தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களே பொதுக் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன, தரவரிசையும் வெளியாகிறது. பயிற்சி மையங்கள் வெற்றி பெற்றவரைக் காட்டி விளம்பரம் செய்தால் அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. பயிற்சி மையத்துக்குப் பொருந்தும் நேர்மை, பட்டம் தரும் கல்லூரிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

லாரித் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தோடு, குடும்பத்தின் முதல் பட்டதாரியை அனுப்பும் பெற்றோர் இந்த எண்ணை நம்பியே வருகிறார்கள். சேர்க்கை அனுமதிக்காகக் கல்லூரிகள் அளிக்கும் முழுப் பட்டியலிலிருந்து இந்த மூன்று விவரங்களையும் தொகுத்து, ஆண்டுதோறும் கலந்தாய்வுக்கு முன் வெளியிடுவது இயக்ககத்தின் கடமை. அதுவரை, கட்-ஆஃப் என்பது இடம் கிடைக்குமா என்பதை அறிய உதவும் எண் மட்டுமே. கல்லூரிக்குத் தரச்சான்று ஆகாது.