எந்த குரூப் எடுப்பது? – வழிகாட்டி வராத வரலாறு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி, "எந்த குரூப் எடுக்கப் போறே?" என்பதுதான். காலங்காலமாக இருக்கிற கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் இதன் வயது அரை நூற்றாண்டு அளவுதான்.

முன்பெல்லாம் 11ஆம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவார்கள். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி., அதாவது புகுமுக வகுப்பு. 1978-79ல் இந்த முறை மாறியது. பி.யு.சி. போய், பள்ளியிலேயே இரண்டு வருட மேல்நிலைக் கல்வி வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980ல் நடந்தது. கல்லூரி வாசலில் எடுத்த முடிவைப் பள்ளிக்கூடத்தில், பதினைந்து வயதில் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் பிள்ளைகளைப் பிரிக்கிற யோசனை அதற்கும் பழையது. 1952ல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார். 1953ல் வந்த அறிக்கை ஏழு பிரிவுகளைச் சொன்னது: மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல். இவற்றை நடத்தப் பலநோக்குப் பள்ளிகள்.

பலரும் மறந்துவிட்ட பகுதி இனிமேல்தான். ஏழு வழியைத் திறந்துவிட்டால் பிள்ளை திகைத்து நிற்கும் என்பது அந்தக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பள்ளிகளுக்கு வழிகாட்டி அலுவலர்கள் வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்றது. அது மட்டுமல்ல, ஒவ்வொரு தொழிலிலும் வேலை எப்படி இருக்கும் என்று காட்டப் படம் எடுங்கள், பிள்ளைகளை நேரிலும் அழைத்துப் போங்கள் என்றது. 1953லேயே!

1964-66ல் கோத்தாரி குழு, 9ஆம் வகுப்பிலேயே பிரிப்பது சரியில்லை, பத்து வரை எல்லோரும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று சொன்னது. வழிகாட்டி விஷயத்தில் கையில் காசில்லை என்பதும் அதற்குத் தெரியும். பத்துப் பள்ளிக்கு ஒரு ஆலோசகராவது சுற்றி வரட்டும் என்று கேட்டது. பத்துக்கு ஒன்று! அதுவும் ஏட்டோடு நின்றது.

1978ல் மால்கம் ஆதிசேஷையா குழு, மேல்நிலையில் பொதுப் பாடத்தையும் தொழிற்பாடத்தையும் கலந்து எடுக்க வசதி வேண்டும் என்றது. நடந்ததோ வேறு. குரூப்புகள் கெட்டியாக நின்றன. வழிகாட்டியின் நாற்காலியில் மார்க் ஷீட் உட்கார்ந்தது. மார்க் அதிகமென்றால் ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தது காமர்ஸ், மிச்சம் தொழிற்பிரிவு. கணக்குப் பதிவில் கெட்டிக்காரனும் நல்ல மார்க் வாங்கிய 'குற்றத்துக்காக' இயற்பியல் படித்தான். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப்புக்குக் கிராக்கி வந்ததும் இதனால்தான். இன்ஜினியரிங், மருத்துவம் இரண்டு கதவும் திறந்திருக்குமே! முடிவைத் தள்ளிப்போட அது ஒரு வழி, அவ்வளவுதான்.

வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் தப்பித்தார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு, குரூப் மாறினால் எந்தக் கதவு மூடும் என்று சொல்ல ஆளில்லை. பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் வாங்கும்போதுதான் அது தெரியும்.

2022 மார்ச்சில் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்வது அதில் ஒரு பகுதி. முதலியார் குழு கேட்டு அப்போது 69 வருடம் ஆகியிருந்தது.