பந்தல் என்னும் அறம்

கல்லால் எழுந்த மண்டபம் நிலைத்து நிற்பது. பந்தலோ விழாவுக்கென எழுந்து, விழா நிறைந்ததும் அவிழ்ந்து போவது. ஆயினும் சைவ வரலாற்றில் பந்தலுக்குரிய இடம் சிறிதன்று.

ஏழாம் நூற்றாண்டில் திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசரின் பெயராலே வழியில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். அவ்வழி வந்த அரசர் அதன் நிழலையும் நீரையும் கண்டு, அங்கே தம் பெயர் விளங்கும் காரணத்தை வினவினார். அடியார் இருவரையும் கூட்டுவித்தது அப்பந்தலே. ஞானசம்பந்தப் பிள்ளையார் வெயிலில் பட்டீச்சரம் வந்தபோது, இறைவன் பூதகணங்களைக் கொண்டு முத்துப்பந்தர் நிழற்றச் செய்தருளினார். ஆனித் திங்களில் அத்தலத்தில் இன்றும் அது விழாவாக நிகழ்கிறது. நிழல் தருதல் அடியார்க்கு அறம், ஆண்டவனுக்கு அருள்.

நம் முன்னோர் பந்தலிட்ட முறையும் நோக்கத்தக்கது. நன்னாளில் பந்தக்கால் நட்டு, மூங்கிலையும் சவுக்கையும் ஆணியறையாது கயிற்றாலே பிணித்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்தனர். முடிச்சை அவிழ்த்தால் மூங்கில் பழுதின்றி மீளும். இவ்வூர்த் திருவிழாவுக்கு நின்ற கால், அடுத்த ஊர்த் திருமணத்துக்கும் நிற்கும். வண்டியும் வாணிகமும் செல்லும் வீதி, வாழையும் தோரணமும் கட்டியதும் அவையாக மாறும். அங்கே கதவில்லை, காவலில்லை, வழிப்போக்கனும் அமர்ந்து திருமுறை கேட்பான். விழா முடிந்தபின் வீதி மீண்டும் வீதியே.

ஆனால் எளிதில் எழுவது எளிதில் எரியவும் கூடும். 1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரியகோயிலில் குடமுழுக்குக்கென அமைந்த யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி, நெரிசலும் சேர, 48 பேர் உயிர் துறந்தனர். அதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் நடுங்குகிறது. மீண்டும் அத்தலத்தில் குடமுழுக்கு நிகழ 23 ஆண்டுகள் சென்றன. 2020 பிப்ரவரி 5 அன்று அது நிறைவேறியபோது, யாகசாலை மதிலுக்கு வெளியே அமைந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நிழல் தேடி வந்தோரைக் காப்பதே பந்தலின் கடன். வேள்வித்தீ ஓங்கும் இடத்தில் உலர்ந்த கீற்றை நீக்குதலும், வெளியேறும் வழிகளை அகலமாக விடுதலும், நீர்க்குடங்களை நிறைத்து வைத்தலும் வெறும் கட்டட வேலையல்ல, சிவபுண்ணியமே ஆகும். பந்தக்கால் நடுங்கால் நாம் கைகூப்புகின்றோம். அதன்கீழ் வந்தமரும் ஒவ்வோர் உயிரின் பொருட்டும் அவ்வாறு கைகூப்புகின்றோம் என்பதை மறவாதிருப்போமாக.